பார்பியானாக் கடிதமும் ஆசிரியப் பயிற்சியும்: ஒரு திறனாய்வு

1967ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து ஒரு சிறு நூல் வெளியாயிற்று. எழுதியவர் பெயராகப் ‘பார்பியானா பள்ளி’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. நூலின் தலைப்பு ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்று பொருள்படுவது. மலைச்சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த எட்டுச் சிறுவர்கள் கூடி எழுதிய இக்கடிதம் 1970இல் ஆங்கிலத்தில் வந்தது. பின்னர்ப் பல மொழிகளுக்கும் சென்று, தமிழிலும் வெளிவந்து, நம்மிடையே ஆசிரியர்களால் விரும்பிப் படிக்கப்பட்டு வருகிறது. தேர்வில் தோற்கடிக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளின் குரல் என்றே இதனை அனைவரும் போற்றுவர். அது சரியே. ஆயினும் போற்றுவோர் பெரும்பாலும் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. கடிதத்தைப் பெறும் ஆசிரியை ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றியவர் அல்லர். வருங்கால ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தவர் அவர். ஆசிரியராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் மலையிலிருந்து இறங்கிவந்த சிறுவர்கள் அப்பயிற்சிப் பள்ளியின் தேர்வில் தோற்றுத் திரும்பினர். அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததே இந்நூல்.

பல்வேறு பண்பாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அமரும் வகுப்பறைக்குப் புதிய ஆசிரியரை ஆயத்தஞ்செய்வது எங்ஙனம் என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகிறது. விடையாக வருவது பெரும்பாலும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்படும் ஓர் அலகு, அல்லது இரண்டு நாள் கருத்தரங்கு. இவ்வினாவிலேயே சொல்லப்படாத ஓர் எடுகோள் அடங்கியிருப்பதை நாம் எளிதில் காண்பதில்லை. ஆசிரியராக வருபவர் நடுநாயகமான பண்பாட்டைச் சேர்ந்தவர், வேறுபட்டவர் பிள்ளையே என்பது அவ்வெடுகோள். பார்பியானாக் கடிதம் இதனைப் புரட்டிப் போடுகிறது. வேறுபட்ட பிள்ளை தானே ஆசிரியனாக வர விரும்பும்போது, பயிற்சி நிறுவனம் அவனை என் செய்கிறது என்று அது கேட்கிறது. இக்கேள்வியை முன்வைத்தே இங்கு நூலை அணுகுகிறோம். கடிதம் காட்டும் நோய் உண்மையான நோய் என்பதும், அது பரிந்துரைக்கும் மருந்தில் ஒரு பகுதியை நாம் ஏற்கலாகாது என்பதும் நம் கருத்து.

இச்சிறுவர்களின் ஆசான் லொரென்சோ மிலானி 1923இல் பிளாரன்சில் பிறந்தவர். கற்றோரும் செல்வருமான குடும்பம். தாய் யூத மரபினர். இல்லத்தில் சமயப்பற்று மிகுதியில்லை. ஓவியம் பயின்றுகொண்டிருந்த அவர் 1943இல் குருமடத்தில் சேர்ந்து 1947இல் குருப்பட்டம் பெற்றார். பிளாரன்சை அடுத்த காலென்சானோவில் உதவிக் குருவாக இருந்தபோது, தொழிலாளருக்கும் உழவருக்கும் மாலைப் பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே அவர் செய்த ஒரு செயல் இறைப்பணியாளரை இன்றும் சிந்திக்க வைக்கும். வகுப்பறைச் சுவரிலிருந்த சிலுவை உருவை அவர் அகற்றினார். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவன் வாயிலில் நின்று, இது கோயிலின் கண்ணி என்று எண்ணித் திரும்பிவிடலாகாது என்பதே அவர் கருத்து. பள்ளியின் முதற்பொருள் வருகிறவன்; நடத்துகிறவன் அல்லன் என்னும் கொள்கை அப்போதே அவரிடம் உருவாகிவிட்டது எனலாம்.

மேலிடத்திற்கு இவருடைய போக்கு உவப்பாக இல்லை. 1954 டிசம்பரில் முகெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த பங்கு; முறையான சாலை இல்லை, மின்சாரம் இல்லை. 1958இல் அவர் வெளியிட்ட ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ என்னும் நூலை அவ்வாண்டின் இறுதியிலேயே விற்பனையிலிருந்து விலக்குமாறு உரோமையின் திருப்பணிமன்றம் ஆணையிட்டது. அத்தடை இனி இல்லை என்று உரோமை அறிவித்தது 2014இல். பார்பியானாவில் அவருடைய கல்லறையின் முன் திருத்தந்தை பிரான்சிஸ் நின்று மன்றாடியது 2017இல். கடிதம் அச்சாகி வந்த மறு மாதமே, 1967 ஜூன் 26ஆம் நாள், புற்றுநோயால் 44 வயதில் மிலானி இறந்தார்.

பங்குக்குருவின் இல்லமே பள்ளி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறும் இல்லை, விடுமுறையும் இல்லை. நாளிதழை உரக்கப் படித்து ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்தனர். கோடையில் மூத்த பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சென்று, உழைத்துப் பிழைத்து, மொழி கற்று மீண்டனர். ‘ஐ கேர்’ என்னும் ஆங்கிலத் தொடர் சுவரில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அக்கறை உண்டு என்பது அதன் பொருள். எனக்கென்ன என்னும் பாசிசக் காலத்து மனப்பான்மைக்கு நேர் எதிரான சொல்லாக அதனை மிலானி தேர்ந்தார்.

இனிக் கடிதத்திற்கு வருவோம். அதில் இரண்டு பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வருகின்றனர். ஒருவன் ஜியானி, ஏழை வீட்டுப் பிள்ளை. மற்றவன் பியரினோ, மருத்துவரின் மகன். பியரினோ பள்ளிக்கு வருமுன்பே எழுத்தறிந்தவன். ஆதலின் மேல்வகுப்பில் நேரே சேர்க்கப்படுகிறான். அவனுடைய வீட்டுமொழியே பள்ளியின் மொழி. ஜியானியின் வீட்டுமொழியோ பள்ளியில் பிழையாகிறது. 1962இன் இறுதியில் நிறைவேறிய சட்டத்தால் இத்தாலியில் பதினான்கு வயது வரை அனைவருக்கும் பொதுவான நடுநிலைப் பள்ளி ஏற்பட்டிருந்தது. சட்டம் கதவைத் திறந்தது. ஆசிரியரின் சிவப்பு மை அதனை மூடியது என்பது கடிதத்தின் குற்றச்சாட்டு. அதனை வெறும் சினத்தால் மட்டும் அவர்கள் கூறவில்லை. அரசின் புள்ளிவிவர ஏடுகளைத் திரட்டி, வகுப்புதோறும் உதிர்ந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அவர்தம் பெற்றோரின் தொழிலையும் அட்டவணையாக்கினர். இப்பணிக்கு இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசு வழங்கியது. பள்ளியில் தேறாதவர்கள் என்று தள்ளப்பட்ட சிறுவர்களின் கணக்குக்கு இயற்பியலார் பரிசளித்தனர் என்பது சுவையான முரண்.

மொழி பற்றிய செய்தி ஒன்றை இங்கு விரித்துரைத்தல் வேண்டும். 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது, பொது இத்தாலிய மொழியைப் பேசவல்லவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று மொழியியலறிஞர் தூல்லியோ தெ மவுரோ 1963இல் கணித்தார். வேறு சிலர் அதனினும் கூடுதலாகக் கணித்தனர். சிசிலியரும் வெனிசியரும் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். பொதுமொழிக்கு அடிப்படையாக அமைந்ததோ பிளாரன்சை உள்ளிட்ட தொஸ்கானா மாநிலத்தின் வழக்கு. பார்பியானா அதே தொஸ்கானாவில்தான் உள்ளது! ஆக, இச்சிறுவர்கள் பேசியது வேற்றுமொழியன்று. பாடநூல் மொழிக்கு மிக அணித்தான வழக்கே. இருந்தும் அவர்கள் பயிற்சிப் பள்ளியில் ஊமைகளாயினர். பண்பாட்டு வேறுபாடு என்றவுடன் வேறு நிறம், வேறு சமயம், வேறு நாடு என்று தொலைவிலேயே தேடுகிறோம். ஒரே மொழியைப் பேசி, ஒரே திருச்சபைக்குச் செல்லும் இரு பிள்ளைகளுக்கிடையிலும் அந்த இடைவெளி இருக்கக்கூடும் என்பதற்குப் பார்பியானா சான்று. மலைவாழ் மக்களின் கூச்சம், தந்திப் படிவத்தின் முன் தாய் கூசி நிற்றல், தானும் அவ்வாறே ஆசிரியையின் முன் நின்றது என்று கடிதம் தொடங்குவது கருதத்தக்கது. அது சோம்பலுமன்று, மந்தமுமன்று, கற்றுக்கொள்ளப்பட்ட மௌனம்.

கடிதத்தின் இரண்டாம் பகுதி பயிற்சிப் பள்ளியைப் பற்றியது. கட்டாயக் கல்வி தரும் பள்ளியில் எவரையும் தோற்கடிக்கலாகாது என்று முதற்பகுதியில் வாதிட்டவர்கள், பயிற்சிப் பள்ளியில் தோற்கடிக்கலாம் என்கின்றனர். இது முரண்பாடன்று. ஆசிரியராகப் போகிறவனின் கையில் பிறருடைய பிள்ளைகள் ஒப்படைக்கப்படுவதால், அவனைக் கடுமையாகச் சோதிப்பது நேர்மையே. ஆனால், எதில் சோதிப்பது? தன் வாழ்நாளில் எந்தத் தொடக்கப்பள்ளியிலும் பயன்படாத இலத்தீனிலா? உடற்பயிற்சித் தேர்வு பற்றி அவர்கள் கூறும் நிகழ்ச்சி மறக்கவொண்ணாதது. தேர்வாளர் ஒரு பந்தைக் கொடுத்துக் கூடைப்பந்து ஆடச் சொல்கிறார். மலைச்சிறுவர்களுக்கு அவ்வாட்டமே தெரியாது. ஏளனப் பார்வைதான் கிடைக்கிறது. அவர்களோ உயர்ந்த கருவாலி மரத்தில் ஏறி, கைப்பிடி விட்டு நின்று, பெருங்கிளையைக் கோடரியால் வெட்டி வீழ்த்த வல்லவர்கள். அந்த உடல்வலிமைக்குத் தேர்வில் இடமில்லை. தொழிலாளரின் ஊதிய ஒப்பந்தத்தை ஆசிரியை என்றேனும் படித்ததுண்டா என்று மற்றோரிடத்தில் கேட்கின்றனர். பல இலட்சம் குடும்பங்களின் வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறதன்றோ! அறியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. ஆனால் மதிப்பெண் போடும் அதிகாரம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

கல்வியியல் என்னும் பாடத்தைப் பற்றி அவர்கள் கூறுவது நம் பயிற்சி நிறுவனங்கள் அனைத்தும் படிக்கவேண்டியது. அப்பாடம் முழுவதையும் சுருக்கிப் பார்த்தால் சொல்ல வேண்டியது ஒன்றே இருக்கும் என்கிறார்கள்: பிள்ளைகள் வெவ்வேறானவர்கள், அவர்தம் ஊரும் குடும்பமும் காலமும் வெவ்வேறானவை, ஒரே பிள்ளையும் நேரத்திற்கு நேரம் வேறானவன். இதற்கு ஒரு பக்கம் போதும் என்பது அவர்கள் முடிவு. பார்பியானாவில் கல்வியியல் சிக்கல் எழாத நாளில்லை. ஆனால் அங்கே அதற்குக் கல்வியியல் என்று பெயரில்லை. ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பிள்ளையின் பெயரே பெயராயிருந்தது. பன்மைபற்றிய பாடம் பிள்ளைகளை வகைப்படுத்திக் கற்பிக்கும்: பழங்குடியினர் இவ்வாறு, சிறுபான்மையினர் அவ்வாறு, முதல் தலைமுறையாகக் கற்போர் இன்னவாறு. வகை தெரிந்தவுடன் ஆள் தெரிந்துவிட்டதாக இளம் ஆசிரியர் நம்பத் தொடங்குவார். அத்தகைய அறிவைவிட அறியாமை தீங்கு குறைந்தது என்றுகூட நமக்குத் தோன்றுவதுண்டு. அறியாதவர் கேட்பார், வகையறிந்தவர் கேட்கமாட்டார்.

பயிற்சிப் பள்ளியில் தோற்ற அச்சிறுவர்கள் முன்னரே ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பது அடுத்த செய்தி. பார்பியானாவில் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது வழக்கம். புதிதாக வந்த சிறுவன் ஓராண்டில் கணக்கும் நிலநூலும் பிரெஞ்சும் கற்பிக்கத் தொடங்குவான். தனக்குக் கடினமாயிருந்தது எதுவென்று நேற்றுத்தான் அறிந்தவன் அவன். ஆதலின் அடுத்தவன் எங்கே இடறுவான் என்பது அவனுக்குத் தெரியும். பெரும்புலவருக்கு வாய்க்காத தகுதி இது. அத்தகுதியுடன் வந்தவர்களைத்தான் இலத்தீன் தெரியவில்லை என்று பயிற்சிப் பள்ளி அனுப்பிவிட்டது. வேறுபட்ட பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை என்று பின்னர் அங்கலாய்ப்பதும் அதே நிறுவனமே.

இவ்வளவு கூறியபின், நூலின் குறைகளைக் காணாதிருத்தல் நேர்மையாகாது. கடிதத்தின் கோபம் அரசின் அமைச்சகத்தைவிட ஒரு தனிப் பெண்மணியின்மீதே மிகுதியாகப் பாய்கிறது. ஊதியம் குறைந்த, தானும் ஒரு முறைமைக்குட்பட்ட ஆசிரியை அவர். அவருக்கு மறுமொழி கூற இடமேயில்லை. கடித வடிவத்திற்கு அந்தக் கூர்மை தேவை என்று சிலர் கூறலாம். ஆனால் கற்பிப்போரை நம் பக்கம் சேர்க்கவேண்டிய வாதம் அவர்களைப் பகைவராக்குவதால் அடைந்த பயன் யாது?

யார் எழுதியது என்பதும் அடிக்கடி எழுப்பப்படும் வினா. சிறு தாள்களில் ஆளுக்கொரு கருத்தை எழுதி, தாள்களை மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றைத் தொகுத்து, வரிசைப்படுத்தி, மிகையான சொற்களை ஒவ்வொன்றாகக் களைந்து உருவாக்கினர் என்று அம்முறை கூறப்படுகிறது. மிலானியின் கை அதில் எவ்வளவு என்று அளவிடுவதில் நமக்கு அவ்வளவு ஆர்வமில்லை. ஆசானின் நடை மாணவரிடம் படிவது இயல்பே. அதனினும் முக்கியமானது, அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் இல்லை என்பது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் மலைமக்களின் எண்ணத்தைக் கடிதம் குறிப்பிட்டு வருந்துகிறது. ஆனால் ஓரிரு வரிகளில் கடந்தும் விடுகிறது. குற்றஞ்சாட்டப்படுபவர் பெண், குற்றஞ்சாட்டுவோர் அனைவரும் ஆண்கள் என்னும் அமைப்பை இன்று படிக்கும் எவரும் கவனியாமலிரார்.

இதனினும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. மதிப்பெண் ஏட்டால் தண்டிப்பதைவிடச் சாட்டை மேல் என்று கடிதம் துணிந்து கூறுகிறது. எல்லை மீறிய நேரங்களில் பார்பியானாவில் அது பயன்பட்டதையும் மறைக்கவில்லை. தோல்வியால் ஒரு பிள்ளையின் வாழ்வையே அழிப்பவர்கள் அடியைக் கண்டு முகம் சுளிப்பது பொய்ம்மை என்னும் எள்ளல் அதில் இருக்கிறது. எள்ளலுக்காக அதனை நாம் ஏற்கவியலாது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின்மீதே பிரம்பு எளிதில் ஓங்கப்படும் சூழலை அறிந்த நாம், மிலானியின் பெயரால் அதற்கு நியாயம் தேடலாகாது.

ஆசிரியர் மணமாகாதிருத்தல் நலம் என்னும் அவர்களது யோசனையும் இத்தகையதே. முழுநேரப் பள்ளி வேண்டுமாயின், குடும்பம் குறுக்கே நில்லாத ஆசிரியர் வேண்டும் என்பது வாதம். குடும்பத்தோடு இருந்தும் இல்லத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கும் தம்பதியரையும் மாற்றாகக் காட்டுகின்றனர். இங்கே கத்தோலிக்கக் குருவின் வாழ்க்கை ஆசிரியத் தொழிலின் அளவுகோலாகிவிடுகிறது. நம் திருச்சபையிலும் இந்தச் சோதனை உண்டு. ஊழியம் என்னும் சொல்லால் ஊதியத்தையும் ஓய்வையும் மறுப்பது எளிது. பயிற்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதரை ஆசிரியராக்கவேண்டும். ஒரு மிலானியை எதிர்நோக்கி அதனால் திட்டம் வகுக்கவியலாது. பார்பியானா ஒரு மனிதரின் அயராத ஆளுகையில் நின்ற பள்ளி. அவர் மறைந்தபின் அது அவ்வாறே தொடரவுமில்லை.

இக்குறைகளை எடைபோட, அமெரிக்காவில் பின்னர் வெளிவந்த இரண்டு நூல்கள் உதவும். சிக்காகோவில் மழலையர் வகுப்பில் கற்பித்த விவியன் பேலி 1979இல் ‘வெள்ளை ஆசிரியை’ என்னும் நூலை வெளியிட்டார். யூதப் பெண்மணியான அவர், கறுப்பினப் பிள்ளைகளின் நிறத்தைக் காணாததுபோல் நடந்துகொள்வதே நாகரிகம் என்னும் கொள்கையுடன் தொடங்கியவர். எங்கள் பிள்ளைகள் கறுப்பர்கள். அதனை நீங்கள் கண்டு மதிக்கவேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் கூறியது அவரை உலுக்கியது. அதன்பின் அவர் நாள்தோறும் தம்மையே குறிப்பேட்டில் ஆராய்ந்தார். பார்பியானாவில் பிள்ளை ஆசிரியரைச் சோதிக்கிறான். பேலியிடம் ஆசிரியை தம்மைத் தாமே சோதிக்கிறார். கடிதத்தில் இல்லாத தாழ்மை பேலியிடம் உண்டு. ஆயினும் வர்க்கம், ஊதியம், தேர்வு என்னும் கடினமான பொருள்கள் அவர் பார்வைக்குள் மிகுதியாக வருவதில்லை.

லிசா டெல்பிட்டின் நூல் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கறுப்பினப் பெண்மணியான இவர் பிலடெல்பியாவில் ஆசிரியராகவும் அலாஸ்காவில் ஆசிரியப் பயிற்சியாளராகவும் பணியாற்றியவர். 1988இல் எழுதிய கட்டுரையொன்றிலும் 1995இல் வெளியான ‘பிறர் பிள்ளைகள்’ என்னும் நூலிலும் அவர் வாதிடுவது இது: ஆளுவோரின் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடத்தைக்கும் சில விதிகள் உண்டு, அவ்விதிகளில் பிறந்து வளர்ந்தோர் அவை விதிகள் என்பதையே அறியார், வெளியிலிருந்து வருவோருக்கு அவற்றை வெளிப்படையாகக் கற்பித்தல் வேண்டும். பிள்ளை தானே கண்டறிவான் என்று விட்டுவிடும் தாராளமனம் ஏழைப் பிள்ளையைக் கைவிடுகிறது. அதேவேளையில் அவனுடைய வீட்டுமொழியை இழிவென்று உணர்த்துவதும் ஆகாது. பார்பியானாச் சிறுவர்கள் உழவரின் அறிவைப் போற்றிக்கொண்டே, சொல்லாட்சியைக் கைப்பற்றுவதற்காகப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்ததை முரண்பாடு என்று கருதுவோர் டெல்பிட்டைப் படித்தால் தெளிவர்.

டெல்பிட்டின் மற்றொரு கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. கறுப்பின ஆசிரியர்களையும் அலாஸ்காப் பழங்குடி ஆசிரியர்களையும் அவர் நேர்கண்டார். பயிற்சிக் கல்லூரியில் தம் சமூகத்தைப்பற்றித் தாங்கள் கூறியதை எவரும் அறிவாக ஏற்கவில்லை என்பது அவர்களது குறை. அது சொந்த அனுபவம், ஆய்வு அன்று என்று பேராசிரியர் ஒதுக்கினர். நாளடைவில் அவர்கள் வகுப்பில் பேசுவதை விட்டனர். வேறுபட்ட பிள்ளைகளைப் புரிந்துகொள்ளக் கற்பிக்கும் இடத்திலேயே, அப்பிள்ளைகளை உள்ளிருந்து அறிந்தவர்கள் வாயடைக்கப்பட்டனர். பிளாரன்சில் நிகழ்ந்ததும் இதுவே.

இது தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. தரங்கம்பாடியில் 1716இலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்வந்த காலத்தில் சிற்றூர்ப் பள்ளிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் அவ்வூர்களிலிருந்தே எழுந்த உபதேசியார்கள். நேற்று எழுத்தறிந்து இன்று எழுத்தறிவித்தவர்கள். அவர்களுடைய கல்வியின் குறைவைப்பற்றி மிஷனெரிகளின் அறிக்கைகள் குறைகூறியதுண்டு. எனினும், அடுத்தவன் எங்கே இடறுவான் என்று அறிந்த ஆசிரியர்கள் அவர்கள். இன்று நம் பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரமும் கட்டடமும் உண்டு. ஆனால் சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பின்னர், கட்டணம் செலுத்த வல்லவரே எளிதில் உட்புகும் நிலை தோன்றியுள்ளது. நீலகிரியின் பணியர் குடியிருப்பிலிருந்தும், குறவர் குடியிருப்பிலிருந்தும், தூய்மைப் பணியாளர் வாழும் நகர்ப்புறச் சந்துகளிலிருந்தும் நம் பயிற்சி நிறுவனங்களுக்கு வருவோர் எத்தனை பேர் என்று தாளாளர்கள் தத்தம் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிக் காணலாம்.

மொழியில் நம் நிலை தொஸ்கானாவினும் கடுமையானது. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் எல்லாருக்கும் வேறு. அதற்கு மேல், பேச்சு வழக்கிலேயே ஊரும் சாதியும் ஒலிக்கின்றன. ‘வாழைப்பழம்’ சொல்லத் தெரியாத நாக்கு என்று வகுப்பில் நகைக்கப்படும் பிள்ளை, நகைப்பு எதன்மேல் என்பதை நன்றாகவே அறிவான். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளையும், வாகிரி பேசும் நரிக்குறவர் பிள்ளையும், திருப்பூரில் பனியன் ஆலைத் தொழிலாளியாக வந்த ஒடியாக்காரரின் பிள்ளையும் ஒரே பாடநூலுக்கு முன் அமர்த்தப்படுகின்றனர்.

தோற்கடிக்கலாகாது என்னும் பார்பியானாவின் முதற்கோரிக்கையை நம் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினாறாம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. 2019இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, மாநிலங்கள் விரும்பினால் நிறுத்திவைக்கலாம் என்றாயிற்று. தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் மறந்தது, கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் இருந்தன என்பது. தோற்கடிக்கலாகாது, பின்தங்கியவருக்கு முழுநாட் பள்ளி வேண்டும், ஊக்கமற்றவருக்கு வாழ்க்கையில் ஒரு நோக்கம் காட்டவேண்டும். பின்னிரண்டும் இன்றி முதலாவதை மட்டும் நிறைவேற்றினால், எழுத்தறியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பின் வாயில் வரை மெல்லத் தள்ளப்படுவான், அங்கே விழுவான். இத்தாலியிலும் 1971இல் முழுநாட் பள்ளிக்குச் சட்டம் வந்தது. ஆனால் அது வடபகுதியில் வேரூன்றிய அளவுக்குத் தென்பகுதியில் பரவவில்லை.

நம் பயிற்சித் திட்டத்தில் பன்மைக்கு இடமில்லாமல் இல்லை. ‘தற்கால இந்தியாவும் கல்வியும்’ என்னும் தாளில் அது விரிவாகவே உண்டு. தேர்வில் அதற்கு வினாவும் உண்டு, விடையும் உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு மாணவரும் எழுதவேண்டிய தனியாள் ஆய்வு என்னும் பதிவேடும் இருக்கிறது. ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அவன் வீட்டையும் சூழலையும் அறிந்து எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். பார்பியானா வேண்டியது இதையன்றி வேறென்ன? ஆனால் நடைமுறையில் அது பாடக்குறிப்பு, துணைக்கருவி ஆகியவற்றோடு ஒப்படைக்கப்படும் பல ஏடுகளில் ஒன்றாகி, அட்டையின் அழகுக்கும் கையெழுத்துக்கும் மதிப்பெண் பெறுகிறது. முந்தைய ஆண்டின் ஏட்டைப் பார்த்து எழுதுவதும் அரிதன்று. பிள்ளையின் பெயர் மட்டும் மாறும். அந்த ஏட்டிலிருந்து பிள்ளையின் வகையை அகற்றி, அவன் கூறிய சொற்களை அவன் பேசியவாறே எழுதவேண்டும் என்று ஒரு விதி செய்தாலே பெரும்பகுதி மாறிவிடும். பார்த்து எழுத முடியாது. பிள்ளையின் வீட்டுக்குச் சென்று அமர்ந்து கேட்டாலன்றி ஏடு நிரம்பாது. நேரில் சென்று வந்தவரை இன்னொருவர் எதிர்த்துக் கேள்வி கேட்கும் வகுப்பு வாரத்திற்கு ஒன்று அமைந்தால், பேலியின் தற்சோதனையும் அதில் சேரும். அவ்வகுப்பில் அதே குடியிருப்பிலிருந்து வந்த பயிற்சி மாணவர் ஒருவர் இருப்பாராயின், பேராசிரியரும் குறிப்பெடுக்க நேரிடும்.

எஞ்சியது பணியமர்த்தம். சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு அரசியலமைப்பின் முப்பதாம் உறுப்பு தரும் உரிமையால், தகுதியுடையோருள் எவரைத் தேர்வது என்பதில் திருமண்டலங்களுக்கு இன்றும் பெரும் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரம் எவ்வாறு செலவாகிறது என்பதைத் திருமண்டலத் தேர்தல்களை அறிந்த வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நேர்காணலுக்கு வருவோரிடம் மதிப்பெண் பட்டியலும், திருமுழுக்குச் சான்றிதழும், ஆயரின் பரிந்துரைக் கடிதமும் கேட்கப்படுகின்றன. பள்ளி அமைந்துள்ள குடியிருப்பின் பேச்சு வழக்கு அவருக்குத் தெரியுமா, அங்குள்ள ஒரு வீட்டிலேனும் அவர் அமர்ந்து பேசியதுண்டா என்னும் கேள்வி, நாம் கண்டவரையில், எந்த நேர்காணல் படிவத்திலும் இல்லை.